உடலில் எழும் உட்பகை
குடலுக்கும் தன்னெதிர்ப்பு நோய்களுக்கும் உள்ள உறவு பற்றிச் சில சிந்தனைகள்

வெளியிலிருந்து வரும் பகையை நாம் எளிதில் அறிந்துகொள்கிறோம். தேங்கிய நீரில் பெருகும் கொசு மலேரியாவைக் கொண்டுவருகிறது. மாசுபட்ட தண்ணீர் காலராவைக் கொண்டுவருகிறது. இவற்றை எதிர்த்து நிற்க வழிகளும் உண்டு. ஆனால் வீட்டைக் காக்க நிறுத்திய காவலனே ஒரு நாள் திரும்பி நின்று வீட்டாரை அடிக்கத் தொடங்கினால் என் செய்வது? அரசியலைப் பேசுமிடத்தில் வள்ளுவர் உட்பகைக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். நாட்டுக்கு உள்ளது போலவே உடலுக்கும் உட்பகை உண்டு. அதனையே மருத்துவர்கள் தன்னெதிர்ப்பு நோய் என்கின்றனர்.

பெயர் புதிதாகத் தோன்றினாலும் இந்நோய்கள் நமக்குப் புதியன அல்ல. விரல் மூட்டுகளைக் கோணலாக்கும் முடக்குவாதம், சிறு வயதிலேயே இன்சுலின் ஊசியைக் கட்டாயமாக்கும் முதல் வகை நீரிழிவு, தைராய்டு சுரப்பியை மெல்ல அழிக்கும் ஹஷிமோட்டோ நோய், தோலில் படரும் வெண்புள்ளி, சொரியாசிஸ், பல உறுப்புகளை ஒருசேரத் தாக்கும் லூப்பஸ் ஆகிய யாவும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றுள் பலவற்றால் ஆண்களைவிடப் பெண்களே மிகுதியாகத் துன்புறுகின்றனர். லூப்பஸ் கண்ட பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேர் பெண்கள்.

அண்மைக் காலமாக இந்நோய்களுக்கும் வயிற்றுக்கும் தொடர்பு உண்டு என்ற பேச்சு எங்கும் கேட்கிறது. அதில் உண்மையும் உண்டு, மிகைப்படுத்தலும் உண்டு, அம்மிகையை விற்றுப் பிழைப்போரும் உண்டு. எது மெய், எது வெறும் வாக்கு என்று நம் பங்குக் குடும்பங்கள் அறிந்திருப்பது நல்லது என்பதால் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

காவலனே பகைவனானால்

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய விஞ்ஞானி பால் எர்லிக், உடல் தன்னையே தாக்கிக்கொள்வதற்கு இயற்கை இடந்தராது என்று கருதினார். பெரியவர் சொல்லாதலால் பலரும் அதனை நெடுநாள் ஏற்றிருந்தனர். 1956-இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் எர்ன்ஸ்ட் விட்டெப்ஸ்கியும் நோயல் ரோஸும் முயல்களிடம் நடத்திய ஆய்வு அக்கருத்தை அசைத்தது. முயலின் தைராய்டுக்கு எதிராக அம்முயலின் உடலே எதிர்ப்பொருள் உண்டாக்குவதை அவர்கள் காட்டினர். அன்றுமுதல் இத்துறை வளர்ந்து, இன்று எண்பதுக்கும் மேற்பட்ட நோய்கள் இவ்வகையில் எண்ணப்படுகின்றன.

இந்நோய்கள் ஏன் வருகின்றன? பரம்பரை ஒரு காரணம். ஆயினும் அது மட்டுமே காரணமன்று. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு முடக்குவாதம் வந்தால், மற்றவருக்கும் வருவது நூற்றில் ஏறத்தாழப் பதினைந்து பேருக்கே. மரபு முழுவதும் ஒன்றாயிருந்தும் எஞ்சியோர் தப்புகின்றனர். ஆகவே விதை மரபில் இருந்தாலும், அது முளைக்க மண்ணும் நீரும் வேண்டும். அந்த மண் எது என்று தேடிய விஞ்ஞானிகளின் பார்வை குடலின்மேல் விழுந்தது. நாள்தோறும் வெளியுலகம் நம் உடலுக்குள் நுழையும் பெருவாயில் அதுவேயன்றோ?

திருவரங்கத் தீவும் குடலின் கரையும்

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி. இடையில் திருவரங்கம் தீவாக நிற்கிறது. இரு பக்கமும் நீர் ஓடினாலும் ஊர் மூழ்காமலிருப்பதற்குக் கரைகளும் மதகுகளும் காரணம். எவ்வளவு நீரை எப்பக்கம் விடுவது என்று மதகு காக்கிறது. 2018 ஆகஸ்டில் பெருவெள்ளத்தின்போது முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டதை நம் மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டார்கள். அடைத்து நிற்கவேண்டிய இடம் திறந்துகொண்டதால் நீர் தன்போக்கில் கொள்ளிடத்தில் பாய்ந்தது.

நம் குடலும் இத்தகைய ஒரு கரையே. சிறுகுடல் மட்டும் ஆறேழு மீட்டர் நீளமுள்ளது. அதன் உட்சுவரில் விரல்போன்ற நுண்ணிய குடலுறிஞ்சிகள் நெருக்கமாக நிற்பதால், அதன் பரப்பு ஏறத்தாழ 30 சதுர மீட்டராக விரிகிறது. இத்தனை பெரிய பரப்புக்குக் காவலாக நிற்பதோ ஒரே அடுக்குச் செல்கள்! அச்செல்கள் ஒன்றோடொன்று இறுகப் பூட்டிக்கொண்டு நிற்கின்றன. சத்து உள்ளே வரவேண்டும். நஞ்சும் கிருமியும் வரலாகாது. பூட்டு தேவைக்கேற்பத் திறக்கவும் மூடவும் வேண்டும். 2000-ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் அலெசியோ ஃபசானோவும் அவர்தம் குழுவினரும், இப்பூட்டைத் தளர்த்தும் சோனுலின் என்ற பொருளை மனிதக் குடலில் கண்டறிந்தனர்.

இக்கரைக்கு அப்பால், குடலின் உள்ளே, வேறோர் உலகம் இருக்கிறது. மனித உடலில் வாழும் நுண்ணுயிர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 38 லட்சம் கோடி என்று 2016-இல் கணக்கிட்டனர். இவற்றுள் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் குடியிருக்கின்றன. இவை நம் பகைவர் அல்லர், குடித்தனக்காரர். நாம் செரிக்க இயலாத நார்ப்பொருளை இவை புளிக்கச்செய்து, குடற்சுவருக்கு உணவாகும் சில அமிலங்களை உண்டாக்கித் தருகின்றன. அவ்வமிலங்கள், எதிர்ப்புச் சக்தியின் சினத்தை அடக்கி வைக்கும் ஒருவகை வெள்ளணுக்கள் வளரவும் துணைபுரிகின்றன.

உடலின் எதிர்ப்பு அணுக்களில் பெரும்பகுதி குடற்சுவரை ஒட்டியே பாளையம் இறங்கியிருக்கிறது. அவ்வணுக்கள் அங்கே போர் செய்வதோடு பாடமும் கற்கின்றன. இது சோறு, இதனைத் தாக்காதே. இது நட்புயிர், இதனைப் பொறுத்துக்கொள். இது பகை, இதனை விடாதே என்று அவை பயிற்சி பெறும் பள்ளிக்கூடம் குடல்தான். பள்ளியில் பாடம் பிழைத்தால், பிழைத்த மாணவன் குடலோடு நில்லாமல் இரத்தத்தின் வழியே மூட்டுக்கும் தோலுக்கும் சுரப்பிகளுக்கும் செல்லக்கூடும். குடலுக்கும் தன்னெதிர்ப்பு நோய்க்கும் உள்ள உறவின் அடிப்படை இதுவே.

உடல்நலத்துக்கு வயிற்றை வாயிலாகக் கண்டது புதுமையன்று. வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மருந்தைவிடச் செரிமானத்தையே மிகுதியாகப் பேசினார். திருவரங்கம் கோயிலில் ஹொய்சளர் காலத்தில், 13-ஆம் நூற்றாண்டில், ஆரோக்கியசாலை ஒன்று இருந்ததையும், பின்னர் அழிந்துபட்ட அதனை 1493-இல் புதுப்பித்துத் தன்வந்திரிக்குச் சந்நிதி அமைத்ததையும் கல்வெட்டுகள் கூறுகின்றன. நோயுற்றோரைப் பேணுவதை வழிபாட்டின் அருகிலேயே வைத்த ஊர் இது. தூய பவுலடிகளாரும் தம் அன்புச் சீடர் திமொத்தேயுவின் வயிற்றை மறவாமல் அறிவுரை எழுதினார் அல்லவா?

கோதுமை சொன்ன உண்மை

குடலில் தொடங்கும் தன்னெதிர்ப்பு நோய்க்கு ஐயத்துக்கிடமில்லாத சான்று ஒன்று உண்டு. அது செலியாக் நோய். கோதுமை, பார்லி, கம்புக்கோதுமை எனப்படும் ரை ஆகிய தானியங்களிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தை இந்நோயாளரின் உடல் பகையாகக் கொள்கிறது. பகையைத் தாக்கும் முயற்சியில் தன் குடலையே தாக்குகிறது. குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. உண்ட சோறு உடலில் ஒட்டுவதில்லை.

கோதுமையே காரணம் என்று கண்டவர் நெதர்லாந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லெம் கரெல் டிக்கே. ரொட்டியை நிறுத்தினால் சில குழந்தைகள் தேறுகின்றனர் என்பதை அவர் 1930-களிலேயே கவனித்து, 1941-இல் எழுதி வெளியிட்டார். பின்னர் இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலம் வந்தது. 1944-45-இல் நெதர்லாந்தின் மேற்குப் பகுதியில் ரொட்டி கிடைக்கவில்லை. மக்கள் டூலிப் மலரின் கிழங்கைக்கூட உண்டனர். ஊரே மெலிந்த அந்நாளில் செலியாக் நோயுற்ற குழந்தைகளின் நிலையோ சீர்பட்டது! போர் முடிந்து ரொட்டி திரும்பியதும் அவர்கள் மீண்டும் நோயுற்றனர். 1950-இல் டிக்கே தம் ஆராய்ச்சியை முறைப்படி சமர்ப்பித்தார். 1997-இல் ஜெர்மனியில், இந்நோயாளரின் உடல் தனக்கே சொந்தமான டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற பொருளைத் தாக்குகிறது என்று கண்டபோது, இது உண்மையான தன்னெதிர்ப்பு நோய் என்பது உறுதியாயிற்று.

இந்நோயின் தனிச்சிறப்பு என்ன? தூண்டுகோலும் தெரியும், மரபும் தெரியும், தாக்கப்படும் பொருளும் தெரியும். தூண்டுகோலை நீக்கினால் பெரும்பாலோருக்குக் குடல் மீண்டும் தளிர்க்கிறது. வேறெந்தத் தன்னெதிர்ப்பு நோயிலும் இத்தனை தெளிவு இன்னும் கிட்டவில்லை.

நெல் விளையும் நாட்டில்

காவிரிப் பாசனத்தில் நெல்லுண்டு வாழும் நமக்குக் கோதுமை நோயைப் பற்றி என்ன கவலை என்று வாசகர் கேட்கலாம். இதற்கு விடை நம் நாட்டிலேயே நடந்த ஓர் ஆய்வில் இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நெடுங்காலம் பணியாற்றிய டாக்டர் பி. எஸ். ராமகிருஷ்ணாவும், புது தில்லி எய்ம்ஸ் நிறுவனத்தின் டாக்டர் கோவிந்த் மகாரியாவும், அவர்தம் துணைவர்களும் வடக்கு, வடகிழக்கு, தெற்கு ஆகிய மூன்று பகுதிகளில் 23,331 பேரைப் பரிசோதித்து, 2016-இல் முடிவை வெளியிட்டனர்.

வடக்கே செலியாக் நோய் ஆயிரம் பேரில் எட்டுப் பேருக்கு மேல் இருந்தது; வடகிழக்கில் ஏறத்தாழ ஐந்து பேருக்கு; தெற்கிலோ பத்தாயிரம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்கே. தென்னாட்டார் மரபு வேறோ? இல்லை. இந்நோய்க்கு இடந்தரும் மரபணு வடக்கே நூற்றுக்கு 38 பேரிடமும், தெற்கே நூற்றுக்கு 36 பேரிடமும் காணப்பட்டது. வேறுபட்டது உணவு. வடக்கே ஒருவர் நாளொன்றுக்கு உண்ட கோதுமை சராசரி 455 கிராம். வடகிழக்கில் 37 கிராம். தெற்கில் 25 கிராம்.

இவ்வெண்களை நாம் நிதானமாக எண்ணிப் பார்க்கவேண்டும். விதை நம்மிடமும் இருக்கிறது; அரிசிச் சோறு நம்மை இதுகாறும் காத்து வந்திருக்கலாம். ஆனால் நம் அடுப்படி மாறிவருகிறது. நீரிழிவுக்கு அஞ்சி இரவு தோறும் சப்பாத்தி உண்கிறோம். வேலை முடிந்து வரும் இளைஞர்க்குப் பரோட்டாவே இரவுச் சாப்பாடு. பிள்ளைகளின் கையில் பிஸ்கட்டும் ரஸ்கும். காலையில் ரவா உப்புமா, சேமியா. பாலில் பார்லி மால்ட் கலந்த பானம். கோதுமையைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. அது இறைவன் தந்த நல்ல தானியம். மிகப் பெரும்பாலோர்க்கு அதனால் ஒரு தீங்கும் இல்லை. ஆயினும் தமிழருக்கு இந்நோய் வராது என்ற எண்ணம் தகாது. மருத்துவரும் குடும்பத்தாரும் இதனை மனத்தில் கொள்ளவேண்டிய காலம் வந்துவிட்டது.

அதே வேளையில், நீடித்த வயிற்றுப்போக்கு யாவும் செலியாக் ஆகிவிடாது. 1960-களில் பழைய வட ஆர்க்காடு மாவட்டத்துக் கிராமங்களில் ஸ்ப்ரூ என்ற குடல் நோய் கொள்ளைநோய்போல் பரவியது. வேலூர் மருத்துவர்கள் அதனைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். அந்நோயிலும் குடலுறிஞ்சிகள் தேய்கின்றன. ஆனால் கோதுமை காரணமன்று. காசநோயும் குடலைத் தாக்கும், புழுக்களும் தாக்கும். ஆகவே ஆராயாமல் முடிவு கட்டலாகாது.

பாலக்கரையிலோ உறையூரிலோ வாழும் ஒரு குடும்பத் தலைவியை நினைத்துக்கொள்வோம். ஆண்டுக்கணக்கில் இரத்தச்சோகை, இரும்புச்சத்து மாத்திரை எத்தனை விழுங்கினாலும் ஏறவில்லை. அடிக்கடி வயிற்றுப் பொருமல், எலும்பு வலி, இருமுறை கருச்சிதைவு. மாமியார் சோம்பல் என்கிறார். கணவர் மனக்கவலை என்கிறார். அவளோ தன் பாவத்துக்குத் தண்டனை என்று அழுகிறாள். இப்படிப்பட்டவளின் இரத்தத்தில் ஓர் எளிய எதிர்ப்பொருள் பரிசோதனை செய்தால் விடை கிடைக்கக்கூடும். வளர்ச்சி குன்றிய குழந்தை, முதல் வகை நீரிழிவுள்ள பிள்ளை, தைராய்டு நோயாளர், செலியாக் நோயாளரின் பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகள் ஆகியோரும் மருத்துவரிடம் இதனைக் கேட்பது நலம். ஒன்றை மறவாதீர்: பரிசோதனைக்கு முன் கோதுமையை நிறுத்திவிடலாகாது. நிறுத்தினால் எதிர்ப்பொருள் மறைந்து, நோய் இருந்தும் இல்லையென்று விடை வரும்.

மறைந்திருக்கும் கோதுமை

நோய் உறுதியானால் மருந்து ஒன்றே: வாழ்நாள் முழுவதும் குளூட்டன் நீக்கிய உணவு. இவ்வகையில் தமிழ்ச் சமையல் பெரும் வரம். சோறு, இட்லி, தோசை, இடியாப்பம், புட்டு, கேழ்வரகுக் களி, கம்பங்கூழ், தினை, சாமை, வரகு, பருப்பு, காய்கறி, மீன், முட்டை, மோர் யாவும் இயல்பாகவே குளூட்டன் இல்லாதவை. ஆயினும் இரண்டு கண்ணிகள் உண்டு.

முதலாவது பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை அல்லது மைதா மாவு சேர்க்கப்படுகிறது. சாம்பாரும் ரசமும் இதனால் கெடும். உறையில் அச்சிட்டிருப்பதைப் படித்தே வாங்கவேண்டும். இரண்டாவது மாவு மில். கோதுமை அரைத்த எந்திரத்திலேயே அடுத்து நம் அரிசியும் கேழ்வரகும் அரைபடுகின்றன. ஒட்டியிருக்கும் மாவே நோயாளரைத் துன்புறுத்தப் போதும். வீட்டிலேயே அரைத்துக்கொள்வது பாதுகாப்பு. சத்துமாவு, ரெடிமேட் மசாலாப் பொடி ஆகியவற்றிலும் கவனம் தேவை.

மற்ற நோய்கள்

செலியாக் நோயில் கண்ட தெளிவு மற்ற நோய்களில் இன்னும் இல்லை என்றோம். ஆயினும் சுவையான சில தடயங்கள் உண்டு.

2013-இல் நியூயார்க் நகர ஆய்வாளர்கள், புதிதாக முடக்குவாதம் கண்டு இன்னும் மருந்துண்ணாதவர்களின் குடலை ஆராய்ந்தனர். பிரிவொடெல்லா கோப்ரி என்ற நுண்ணுயிர் நான்கில் மூவரிடம் இருந்தது. நலமாயிருந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரிடமே இருந்தது. அப்படியானால் இதுவே குற்றவாளியா? அவசரப்படலாகாது. தானியமும் பருப்பும் காய்கறியும் உண்டு வாழும் நம் நாட்டு மக்களின் குடலில் பிரிவொடெல்லா இனம் இயல்பாகவே மிகுதி. நம்மில் மிகப் பலரிடம் அது தீங்கின்றி வாழ்கிறது.

2018-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் வேறொன்றைக் கண்டனர். குடலில் வாழும் ஒரு பாக்டீரியா, கரையைக் கடந்து கல்லீரலை அடைந்து, சுண்டெலிகளில் லூப்பஸ் போன்ற நோயைத் தூண்டியது. அதே உயிரின் சுவடு, சில நோயாளரின் கல்லீரலிலும் தென்பட்டது. மதகு உடைந்தால் நேரும் கதையை இது நினைவூட்டுகிறது.

ஃபின்லாந்தும் ரஷ்யாவின் கரேலியாவும் அண்டைப் பகுதிகள். மக்களின் மரபும் நெருங்கியது. எனினும் குழந்தைகளின் முதல் வகை நீரிழிவு ஃபின்லாந்தில் ஏறத்தாழ ஆறு மடங்கு மிகுதி. இரு பகுதிக் குழந்தைகளின் குடல் நுண்ணுயிர்களும் வேறுபடுகின்றன என்று 2016-இல் தெரியவந்தது. மிகுந்த சுத்தமும் குறைந்த நுண்ணுயிர்ப் பழக்கமும் எதிர்ப்புச் சக்திக்குக் கற்பிக்க வேண்டிய பாடத்தைக் குறைத்துவிட்டனவோ என்று அறிஞர் எண்ணுகின்றனர்.

இவையெல்லாம் உறவைக் காட்டுகின்றன. ஆனால் எது காரணம், எது விளைவு என்பதைப் பெரும்பாலும் தீர்க்கவில்லை. குடல் பழுதுபட்டதால் நோய் வந்ததா? நோயாலும் அதற்குண்ட மருந்தாலும் குடல் பழுதுபட்டதா? இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கலாம். இந்நிலையில், குடலைக் கழுவினால் முடக்குவாதம் போய்விடும், இந்தப் பொடியை மூன்று மாதம் உண்டால் லூப்பஸ் நீங்கும் என்று சொல்வோர் அறியாததை அறிந்ததுபோல் விற்கின்றனர். அவர்களை நம்பித் தாலிக்கொடியை அடகு வைப்பதும், டாக்டர் தந்த மருந்தை நிறுத்துவதும் பேராபத்து. நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை உண்பவர் அதனைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே இடர் நேரலாம். முடக்குவாதத்துக்குத் தக்க மருந்தைத் தொடக்கத்திலேயே உண்டால் மூட்டுகள் கோணாமல் காக்க முடியும்; தள்ளிப்போட்ட மாதங்கள் திரும்பி வாரா. காலையில் எழுந்ததும் விரல்கள் ஒரு மணி நேரம் மடங்க மறுத்தால் பொடி தேடாமல் மருத்துவரைத் தேடுங்கள். புத்தூரிலுள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையின் வாயில் ஏழைக்கும் திறந்தே இருக்கிறது.

அப்படியானால் நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லையா? உண்டு, அது எளியது. கீரை, காய், பயறு, பழம், சிறுதானியம் என நாருள்ள உணவைப் பலவகையாக உண்பது குடலின் நல்லுயிர்களுக்கு உணவிடுவதாகும். சளிக்கும் காய்ச்சலுக்கும் மருந்துக் கடையில் தாமாகவே ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கும் வழக்கம் நிற்கவேண்டும்; அது பகையோடு நட்பையும் அழிக்கும். குழந்தைக்குத் தாய்ப்பாலே முதல் காவல். புகைப் பழக்கம் முடக்குவாதத்துக்கு நன்கறிந்த தூண்டுகோல். அதனை விடுவது இன்றே செய்யத்தக்கது.

பழைய சோற்றையும் நீராகாரத்தையும் பற்றிப் பலர் கேட்கின்றனர். இரவில் நீரூற்றிய சோறு புளிக்கும்போது நல்ல பாக்டீரியாக்கள் பெருகுகின்றன என்பது மெய். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரியினர், குடல் அழற்சி நோயாளருக்கு இது எவ்வளவு பயன்படும் என்பதை ஆராயும் பணியை மேற்கொண்டனர். நம் பாட்டிமாரின் மண்பானை ஆய்வுக்கூடம் ஏறியது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் அது உணவு. மருந்துக்குத் துணையாகலாம், மாற்றாகாது.

நற்கருணைப் பந்தியில்

கத்தோலிக்கக் குடும்பத்தில் ஒருவருக்குச் செலியாக் நோய் உறுதியானால் அடுப்படிக் கேள்வியோடு பீடத்துக் கேள்வியும் எழும். நற்கருணை அப்பம் கோதுமையால் ஆனது. இனி நான் ஆண்டவரை உட்கொள்ள முடியாதா என்று நோயாளர் கலங்குவார். சிலர் காரணம் சொல்ல நாணித் திருப்பலியில் பின்வரிசையிலேயே அமர்ந்துவிடுவார்கள். சிலர் துன்பம் வருமென்று தெரிந்தும் வாங்கி உண்பார்கள். இரண்டும் தேவையில்லை. தாயாம் திருச்சபை இதற்கு வழி வகுத்திருக்கிறது.

திருச்சபைச் சட்டம் 924, அப்பம் கோதுமையால் மட்டுமே ஆகவேண்டும் என்கிறது. ஆகவே குளூட்டன் அறவே நீக்கிய அப்பமும், அரிசி அப்பமும் திருப்பலிக்குச் செல்லா. ஆனால் வேறெதுவும் கலவாமல் அப்பமாகச் சுடுவதற்குப் போதிய குளூட்டன் எஞ்சியிருக்கும் குறைந்த குளூட்டன் அப்பம் செல்லும். விசுவாசக் கோட்பாட்டுப் பேராயத்தின் தலைவராயிருந்த கர்தினால் இராட்சிங்கர், பின்னாளில் பாப்பரசர் 16-ஆம் பெனடிக்ட், 2003 ஜூலை 24-ஆம் நாளிட்ட மடலில் இதனைத் தெளிவுபடுத்தினார். இறைவழிபாட்டுப் பேராயம் 2017-இல் அனுப்பிய சுற்றுமடலிலும் இது மீண்டும் நினைவூட்டப்பட்டது. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்துக் கிளைடு நகரிலுள்ள பெனடிக்டின் அருட்சகோதரிகள் இத்தகைய அப்பத்தைப் பல சோதனைகளுக்குப் பின் உருவாக்கினர்.

அந்த அளவும் ஒவ்வாதவர்கள், திராட்சை இரச வடிவில் மட்டும் நற்கருணை பெறலாம் என்றும் அம்மடல் கூறுகிறது. இது குறைந்த நற்கருணை அன்று. அப்ப வடிவிலும் இரச வடிவிலும் தனித்தனியே கிறிஸ்து முழுமையாக இருக்கிறார் என்பது 1562-இல் திரிதெந்து பொதுச்சங்கம் உறுதிசெய்த நம் விசுவாசம்.

நடைமுறையில் செய்யவேண்டியவை சிலவே. நோயாளரோ பெற்றோரோ பங்குத் தந்தையை முன்னதாகவே சந்தித்துப் பேசவேண்டும். குறைந்த குளூட்டன் அப்பத்துக்கு மறைமாவட்ட ஆயரின் அனுமதி வேண்டும்; அதனைப் பங்குத் தந்தை பெற்றுத் தருவார். அவ்வப்பத்தைத் தனிச் சிமிழில் வைக்கவேண்டும். மற்ற அப்பங்களோடு கலக்கலாகாது. இரச வடிவில் பெறுவோருக்குத் தனிக் கிண்ணம் வேண்டும்; ஏனெனில் குருவின் கிண்ணத்தில் அப்பத்தின் சிறு துண்டு இடப்படுகிறது. முதல் நற்கருணை வாங்கும் குழந்தைகளிடையே இந்நோயுள்ள பிள்ளை இருந்தால், மறைக்கல்வி ஆசிரியர் முன்கூட்டியே அறிந்திருக்கவேண்டும். மற்றப் பிள்ளைகள் முன் அது வேற்றாளாய் நிற்கும் நிலை வரலாகாது.

நம் கடமை

திருச்சபையை ஓருடலாகக் கண்ட தூய பவுலடிகளார், ஓர் உறுப்பின் துன்பம் எல்லா உறுப்புகளின் துன்பமே என்று கற்பித்தார். தன்னெதிர்ப்பு நோயோ, உறுப்புகள் ஒன்றையொன்று அடையாளம் காணத் தவறும் நோய். இந்நோயாளர் பலரும் வெளிப்பார்வைக்கு நலமாயிருப்பதுபோல் தோன்றுவார்கள். காய்ச்சல் இல்லை, காயமில்லை. ஆனால் உள்ளே ஓயாத போர். அவர்களைச் சோம்பேறி என்றும், பாசாங்கு என்றும், சாபம் என்றும் சொல்லும் வீடும் பங்கும், தன் உறுப்பைத் தானே தாக்கும் உடலைப் போன்றவையே.

பிப்ரவரி 11-ஆம் நாள் லூர்து அன்னையின் திருநாள். 1993 முதல் திருச்சபை அந்நாளை உலக நோயாளர் நாளாகவும் கொண்டாடுகிறது. தெப்பக்குளத்தருகே ஓங்கி நிற்கும் லூர்தன்னை ஆலயத்துக்கு அன்று செல்வோர் தம் நோய்க்காக மட்டுமல்லாமல், தம் தெருவில் பெயர் தெரியாத நோயோடு போராடும் ஒருவருக்காகவும் செபிக்கட்டும். செபித்தபின் அவர் வீட்டுக் கதவைத் தட்டட்டும். பொடி விற்பவர் அவரிடம் போகுமுன் நாம் போகவேண்டும். மருத்துவரிடம் செல்ல அவருக்குத் துணையாகவேண்டும். அவர் உண்ணத்தக்க உணவை நம் வீட்டு விருந்திலும், ஆண்டவரின் விருந்திலும் ஆயத்தமாக வைத்திருக்கவேண்டும்.